ஒரு மீட்டர் அருவி: மதகுத் தண்ணீர்ப் படங்கள் வெளுத்ததும் தேறியதும்

காவிரி டெல்டாவில் அருவி கிடையாது. ஒகேனக்கலில் சுமார் 20 மீட்டர் குதித்து வருகிற அதே ஆறு, மேட்டூரைத் தாண்டி, முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு, கல்லணைக்கு வந்து சேரும்போது அகலமாகப் படுத்துவிடுகிறது. ஆனாலும் தண்ணீர் விழுகிற இடத்துக்கு இங்கே பஞ்சமில்லை. மதகு, கதவணை, தடுப்பணை, வாய்க்கால் தலைப்பு என்று நாலு ஊருக்கு ஒன்று இருக்கும். மேட்டூரில் இருப்பு இருந்து ஜூன் 12ல் திறந்துவிட்டால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும், அதிலிருந்து ஆடிப்பெருக்கு முடியும் வரை எல்லார் போனிலும் நுரைதான். அந்தப் படங்களில் பாதிக்கு மேல் வெளுத்துப் போனவை, மீதி குழைந்து போனவை. இது ஏன் நடக்கிறது, எங்கே சரி செய்யலாம் என்பதை ஒருவருடைய படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

படங்களுக்குச் சொந்தக்காரர் பாபநாசம் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிற தம்பி ஒருவர். பெயர் வேண்டாம் என்றார். தொழில் தெரிந்தவர், மணமேடை வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். கடை முகப்புச் சுவருக்கு ஆறடி அகலத்தில் ஒரு காவிரிப் படம் வேண்டும், அது தானே எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கிராப் சென்சார் (சற்றுச் சின்ன சென்சார்) கேமரா, 17-50 லென்ஸ் ஒன்று, தூரத்தை இழுக்கிற 70-200 ஒன்று, வீடியோவுக்கு வாங்கிய ட்ரைபாட். இது போதாத சாமான் இல்லை. ஆறடி அகலம் என்பதால்தான் சிக்கல்: போன் திரையில் கண்ணுக்குத் தெரியாத குறை எல்லாம் சுவரில் தெரியும்.

காலை 11 மணிப் படம்

முதலில் அனுப்பியது கல்லணையில் எடுத்தது. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 400, எஃப் (லென்ஸ் துளை, எண் கூடினால் துளை சுருங்கும்) 5.6, ஷட்டர் 1/1600 நொடி. பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்து எடுத்திருக்கிறார். பார்த்ததும் தெரிந்தது, நுரை முழுக்க வெறும் வெள்ளை. ராவாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கிற கோப்பு) எடுத்திருந்தும் அந்த இடத்தில் மீட்க எதுவும் இல்லை, ஹைலைட்டை எவ்வளவு இறக்கினாலும் வெள்ளை சாம்பலாக மாறுகிறதே தவிர உள்ளே தண்ணீர் கிடைக்கவில்லை.

காரணம் கேமராவின் மீட்டர். அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். அந்த பிரேமில் பாதிக்கு மேல் பாலத்தடி நிழல், ஈரக் கருங்கல், இரும்புக் கதவு. ஆடி மாதத்து முன்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடுவதால் நிழல் கறுப்பாகவும் நுரை கண்ணைப் பறிப்பதாகவும் இருக்கும். மீட்டர் கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிட்டது. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஐஎஸ்ஓ எண்ணே ஷட்டர் என்கிற பழைய பிலிம் காலத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஐஎஸ்ஓ 400க்கு எஃப் 16ல் 1/400, எஃப் 5.6 என்றால் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) திறப்பு, அதாவது 1/3200. இவர் எடுத்தது 1/1600. ஒரு ஸ்டாப் அதிகம். முகத்துக்கு ஒரு ஸ்டாப் அதிகம் போனால் யாரும் கேட்க மாட்டார்கள், மணப்பெண்ணுக்கு நன்றாகவே இருக்கும். நுரைக்கு அது மன்னிக்காத ஸ்டாப், ஏனென்றால் நுரை ஏற்கெனவே விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு மருந்து சிரமமானது இல்லை. ஸ்பாட் மீட்டரில் (ஒரு புள்ளியை மட்டும் அளக்கிற முறை) நுரையின் மிக வெளிச்சமான இடத்தை அளந்து, அதிலிருந்து ஒன்றரை ஸ்டாப் ஏற்றி வைத்தால் நுரை வெள்ளையாகவும் இருக்கும், உள்ளே இழையும் இருக்கும். ஸ்பாட் பழக்கமில்லை என்றால் முக்கால் ஸ்டாப் இறக்கி ஒன்று எடுத்து, திரையில் வெளுத்துப்போன இடத்தை மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையை ஓட விட்டு, மினுக்கல் அங்கங்கே ஒரு துளி மட்டும் இருக்கும்வரை இறக்கிக்கொண்டே வர வேண்டும். நிழல் கறுத்துப் போகட்டும். ஐஎஸ்ஓ 100ல் எடுத்த ராவில் நிழலை இரண்டு ஸ்டாப் தூக்குவது இன்றைய கேமராவுக்கு ஒரு பொருட்டே இல்லை, வெடித்த வெள்ளையைத் திரும்பக் கொண்டுவரத்தான் வழியே கிடையாது.

எஃப் 22 மோகம்

இரண்டாவது தொகுப்பு மாலையில் எடுத்தது. நடுவில் தம்பி நிறைய வீடியோ பார்த்திருக்கிறார். அவை எல்லாம் மலையில் எடுத்தவை. அதில் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார்: ஐஎஸ்ஓ 50, எஃப் 22, மலிவான வேரியபிள் என்டி பில்டர் (திருப்பத் திருப்ப வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி) ஒன்று, ஷட்டர் 2 நொடி.

நுரை மட்டுமில்லை, மதகிலிருந்து கரை வரை மொத்தத் தண்ணீரும் வேட்டி காயப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. அது காவிரியா, எந்த ஊர் சாக்கடையா என்று சொல்ல முடியாது. பிரேமின் நடுவில் குறுக்காக இருட்டாக ஒரு பெருக்கல் குறி. வானத்தில் பொட்டுப் பொட்டாகக் கறை. கல் விளிம்பு எதுவும் கூர்மையாக இல்லை.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. பெருக்கல் குறி வேரியபிள் என்டியின் வேலை. அது இரண்டு போலரைசர்களை (பளபளப்பை வெட்டுகிற பில்டர்) எதிர் எதிரே வைத்துத் திருப்புகிற சாமான், அகலக் கோணத்தில் கடைசி வரை திருப்பினால் அந்தக் குறி வரத்தான் செய்யும். கறைகள் சென்சாரில் ஒட்டிய தூசு. கல்யாண மண்டபத்தில் அவசர அவசரமாக லென்ஸ் மாற்றுகிறவர், எஃப் 2.8ல் எடுப்பதால் அந்தத் தூசியை வருடக்கணக்கில் பார்த்ததே இல்லை, எஃப் 22 எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டது. கூர்மை போனதற்கும் எஃப் 22தான் காரணம்: துளை அவ்வளவு சுருங்கினால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறும், கிராப் சென்சாரில் எஃப் 11 தாண்டினாலே அது தெரிய ஆரம்பிக்கும். ஐஎஸ்ஓ 50 பல கேமராக்களில் அசல் இல்லை. ஐஎஸ்ஓ 100ல் ஒரு ஸ்டாப் கூடுதலாக எடுத்துப் பிறகு இறக்குகிற ஏற்பாடுதான் அது, அதனால் வெள்ளைப் பக்கம் ஒரு ஸ்டாப் நஷ்டம். தண்ணீர்ப் படத்துக்கு நமக்கு மிகத் தேவையான பக்கம் அதுதான்.

இது எல்லாமே சாமான் பிரச்சினை, திருத்திவிடலாம். பெரிய பிரச்சினை அந்த 2 நொடி.

விழுகிற நேரம் எவ்வளவு?

எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்றுதான்: ஷட்டரை அருவியின் உயரம் தீர்மானிக்கட்டும்.

ஒரு பொருள் ஒரு மீட்டர் கீழே விழ அரை நொடிக்கும் கொஞ்சம் குறைவாக, 0.45 நொடி ஆகும். 20 மீட்டர் விழ, காற்றுத் தடையை விட்டுவிட்டால், 2 நொடி. அதாவது ஒகேனக்கலில் 2 நொடி திறந்து வைத்தால் ஒரு துளி மேலிருந்து கீழே வரை ஒரே ஒரு முறை பயணம் செய்கிறது. அதே 2 நொடியை ஒரு மீட்டர் மதகில் வைத்தால் அந்த இடைவெளியில் நாலு தலைமுறைத் தண்ணீர் ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிந்துவிடுகிறது. பின்னே வேட்டியாகத்தானே வரும்? மலையில் எடுத்தவர் சொன்னது அவர் ஊருக்குச் சரி. நம் ஊர்த் தண்ணீர் உயரம் குறைந்தது, அகலம் அதிகம், கனமும் அதிகம்.

ஒரு மீட்டர் விழுந்து தரையைத் தொடும்போது தண்ணீரின் வேகம் நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர். 1/8 நொடியில் அது அரை மீட்டருக்கு மேல் நகரும், 1/15ல் சுமார் 30 சென்டிமீட்டர், 1/60ல் 7 சென்டிமீட்டர். என் அனுபவத்தில் விழுகிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கோடு இழுத்தால் கண்ணுக்கு அது ஓடுகிற தண்ணீராகத் தெரிகிறது, வேகமும் கனமும் இரண்டும் இருக்கின்றன. அதற்குக் கீழே போனால் கண்ணாடிச் சில்லு, மேலே போனால் துணி. ஆகவே ஒரு மீட்டர் விழுச்சிக்கு 1/15 முதல் 1/8 வரை. தண்ணீர் மெலிந்து வாய்க்கால் மட்டத்தில் சொட்டுகிறதென்றால் 1/4, 1/2 வரை போகலாம், இழை குறைவாக இருப்பதால் அது ஒட்டிக்கொள்ளாது.

இதைச் சொன்னதும் தம்பி, "அப்ப பில்டரே வேணாமாண்ணே?" என்றார். கிட்டத்தட்ட வேண்டாம்தான். மேகம் போட்ட மாலையில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 வைத்தால் ஷட்டர் 1/30 பக்கம் நிற்கும். போலரைசர் மாட்டினால் அது இரண்டு ஸ்டாப் விழுங்கும். 1/30லிருந்து இரண்டு ஸ்டாப் இறங்கினால் 1/8, நாம் கேட்டது அதேதான். நல்ல வெயிலிலும் எடுத்தே ஆக வேண்டும் என்றால் எஃப் 11ல் 1/250 வரும், அங்கிருந்து 1/8க்கு ஐந்து ஸ்டாப். போலரைசர் இரண்டு, என்டி 8 என்று விற்கிற பில்டர் மூன்று. முடிந்தது. பத்து ஸ்டாப் கறுப்புக் கண்ணாடிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இடத்தை மாற்றினோம்

கல்லணையில் இன்னொரு சங்கடம் இருக்கிறது, அதை வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வந்த பிறகுதான் உணர்வார்கள். அங்கே தண்ணீர் விழுவது குறைவு. கதவு மேலே தூக்கினால் தண்ணீர் அடியிலிருந்து பீறிட்டு வெளியே வந்து, தளத்தில் ஓடி, கொஞ்ச தூரம் தள்ளிப் போய்க் கொப்பளிக்கும். பார்க்கப் பிரம்மாண்டம், படத்தில் கிடைமட்டமாக ஒரு பட்டை நுரை, அவ்வளவுதான். அதோடு பாலத்தில் பஸ் போனால் ட்ரைபாட் நடுங்குகிறது. அவருடைய படம் ஒன்றில் கற்களுக்கெல்லாம் இரட்டை விளிம்பு விழுந்திருந்தது, லென்ஸைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

எனவே குடமுருட்டிப் பக்கம் ஒரு சின்ன நீரொழுங்கிக்குப் போனோம். தளம் முடிகிற இடத்தில் சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்கு வரிசையாகத் தண்ணீர் விழும், ஒரு கரையில் இறங்கி நிற்க உலர்ந்த படி உண்டு. நேர் எதிரே நிற்காமல் படியில் உட்கார்ந்து பக்கவாட்டில் எடுத்ததில் விழுகிற திரை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி வந்தது, அகலமாகத் தட்டையாக இருந்த காட்சிக்கு ஆழம் கிடைத்தது. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கியதும் ஒரு மீட்டர் விழுச்சி பெரிதாகத் தெரிந்தது. இறக்குவதற்குக் காசு செலவில்லை, ஆனாலும் ஏனோ எல்லாரும் நின்ற உயரத்திலேயே எடுக்கிறார்கள்.

வெளிச்சத்தின் திசை பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஆறுகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால் மதகின் முகம் கிழக்கே பார்த்திருக்கும். காலை வெயில் முகத்தில் நேராக அடித்து நுரையைத் தட்டையாக்கும். சாயந்திரம் சூரியன் மதகுக்குப் பின்னால் போய்விடும், தண்ணீரின் விளிம்பு ஒளிரும், கட்டடம் இருட்டாகும். எனக்குப் பிடித்தது இரண்டும் இல்லை, ஆடி ஆவணியில் மாலை நாலரைக்கு மேல் மேகம் மூடுமே, அந்த நேரம். நிழலும் இல்லை, வெடிப்பும் இல்லை, மீட்டரும் பொய் சொல்லாது.

போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மேலே எந்த நேரத்தில் எத்தனை கதவு தூக்குவார்கள் என்பது நமக்குத் தெரியாது, உலர்ந்து கிடக்கிற தளம் நிமிடங்களில் முழங்கால் ஆழமாகும். கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் முதலையும் உண்டு. பெருவெள்ள நேரத்தில் கட்டுமானத்தையே நம்பக் கூடாது என்பதற்கு 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் அடித்துக்கொண்டு போனதே போதும். அது 1830களில் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது. படத்துக்காகக் கரையை விட்டு இறங்காதீர்கள், 70-200 எதற்கு இருக்கிறது?

நுரை வெள்ளை இல்லை

புதுத்தண்ணீர் செம்மண் கலங்கலாக வரும். அதன் நுரையும் வெள்ளை இல்லை, வெளிறிய மஞ்சள் கலந்த பழுப்பு. கேமராவை ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் விட்டால் அது இந்தப் பழுப்பைக் கோளாறு என்று நினைத்துச் சரி செய்யப் பார்க்கும், விளைவு நீலம் கலந்த சாம்பல் ஆறு. ஊர்க்காரர் யாரும் அதைக் காவிரி என்று ஒப்புக்கொள்ள மாட்டார். 5500 கெல்வினில் பூட்டி வைத்துவிட்டோம். கலங்கல் அப்படியே வந்தது. அதைப் பார்த்த அவர் அப்பா, விவசாயி, "இதுதான் புதுத்தண்ணி, வண்டலோட வருது பாரு" என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கலங்கல் தண்ணீரில், அதிலும் மாலை வெளிச்சத்தில், முதலில் வெடிப்பது சிவப்பு சேனல். கேமராவின் ஒற்றை ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பத்திரம் என்று சொல்லும், சிவப்பு மட்டும் சுவரில் முட்டி நிற்கும், படத்தில் நுரை ஆரஞ்சுத் திட்டாக வரும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்க வேண்டும்.

போலரைசரை முழுக்கத் திருப்பி வைப்பது நல்லதில்லை. ஈரக் கல்லின் மினுமினுப்பும் தேங்கிய தண்ணீரில் வானத்தின் வெளிறலும் போய் நிறம் ஆழமாகும், உண்மைதான். ஆனால் தளத்தின் விளிம்பில் வளைந்து விழுகிற தண்ணீருக்கு வடிவம் கொடுப்பதே அந்த மினுமினுப்பு. முழுக்க எடுத்துவிட்டால் தண்ணீர் களிமண்ணாகத் தெரியும். பாதி திருப்பியதில் நிறுத்தினோம். இரும்புக் கதவில் பெயின்ட் உரிந்து வெற்று உலோகம் தெரிகிற இடத்தில் போலரைசர் பெரிதாக எதுவும் செய்யாது, அங்கே பளபளப்பு இருந்தால் நாம்தான் ஓர் அடி நகர வேண்டும்.

ஆடிக்காற்று

அம்மியே பறக்கிற காற்றில் வீடியோ ட்ரைபாட் என்ன செய்யும்? நடுக்கம்பியை உயர்த்தாமல், கால்களை அகட்டி, பையைக் கீழே தொங்கவிட்டோம். தொங்குகிற பை ஊசலாடினால் அதுவே ஆட்டும், தரையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்து, 2 நொடி டைமர் வைத்தாயிற்று. தண்ணீர் சரி, கல் சரி, எதிர்க்கரைத் தென்னை மட்டும் 1/8ல் தலைவிரித்து ஆடியது. அதற்கு ஒரே வழி இரண்டு பிரேம்: தண்ணீருக்கு 1/8, ஐஎஸ்ஓவை ஏற்றித் தென்னைக்கு 1/250, பிறகு கணினியில் மேல் பாதியை மாஸ்க் போட்டு ஒட்டுவது. ட்ரைபாட் அசையாததால் ஒட்டியது தெரியவில்லை. எடிட்டிங்கில் வேறு பெரிதாக எதுவும் செய்யவில்லை. கிளாரிட்டியை (இழையை அழுத்திக் காட்டுகிற ஸ்லைடர்) மட்டும் தண்ணீர் மேல் ஏற்ற வேண்டாம் என்று தடுத்தேன், கலங்கல் தண்ணீரில் அது அழுக்காகத் தெரியும்.

போனில் எடுப்பவர்கள் கேட்பீர்கள். பெரும்பாலான போன்களில் துளை மாறாது, ஆகவே பகலில் 1/8 வைத்தால் வெளுத்துவிடும். புரோ மோடு இருந்தால் அந்தி வரை காத்திருங்கள். ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்து லாங் எக்ஸ்போஷர் எஃபெக்ட் போடலாம், ஆனால் அது சில நொடி அசைவைச் சேர்த்துவிடுவதால் நம் ஒரு மீட்டர் மதகு மறுபடியும் வேட்டிதான். ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்து வேகமான படங்கள் பதினாறு எடுத்து ஆப்பில் சராசரி போடுவது மேல்: எத்தனை படம் சேர்க்கிறோம் என்பது நம் கையில், நாய்ஸும் (படத்தில் தெரிகிற புள்ளிக் கரகரப்பு) நாலில் ஒரு பங்காகக் குறையும்.

கடைசியில் சுவரில் போனது

எடுத்து முடித்துச் சாமானை மடக்கும்போது விழுச்சிக்குக் கீழே ஒருவர் வீச்சுவலையோடு இறங்கினார். 1/8ல் வலை புகையாகிவிடும். தம்பி யோசிக்கவே இல்லை, 70-200 மாட்டி, ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, 1/800ல் கையில் வைத்தே எடுத்தார். வலை வட்டமாக விரிந்து, ஒவ்வொரு ஈயக்குண்டும் தனியாக, பின்னால் கலங்கல் நுரை சில்லுச் சில்லாக. கல்யாணத்தில் அட்சதை விழுகிற நொடியைப் பிடித்த கை அது. இந்த முறை நுரையைப் பார்த்து முக்கால் ஸ்டாப் இறக்கியும் இருந்தார்.

ஆறடிச் சுவருக்கு எது என்று எங்களுக்குள் கொஞ்சம் சண்டை. 1/8 படம் தொழில்நுட்பமாகத் தேறியது, பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் கல் விளிம்பு நிற்கிறது. வலைப் படத்தில் நாய்ஸ் இருக்கிறது, ஓர் ஓரம் மென்மை. ஆனால் மனுஷன் நிற்கிற படம்தான் கடைக்கு வருகிறவர்களை நிறுத்தும் என்பது என் கட்சி, அவருக்கு 1/8 மேல்தான் காதல், அவ்வளவு பாடுபட்டாரே. வலை வீசியவரிடம் படத்தைக் காட்டிச் சம்மதம் கேட்டார், அவர் ஒரு பிரதி கேட்டார். வலைப் படம் முகப்பில், 1/8 உள்ளே கல்லா மேசைக்கு மேல் என்று முடிவானது.

மிச்சம் இருப்பது மார்கழிப் படம். வண்டல் அடங்கித் தண்ணீர் தெளிந்து, விழுச்சி மெலிந்து, காலையில் பனி மூட்டம் இருக்கும்போது இதே படியில் உட்கார்ந்து 1/2 நொடி வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே நுரை உண்மையிலேயே வெள்ளை, நிழல் நீலம் அடிக்கும், ஒயிட் பேலன்ஸ் 6000க்கு மேல் தேவைப்படலாம். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28ல் அடைத்துவிடுவார்கள், முறை வைத்து விடுகிற வருடமானால் அதற்கு முன்பே ஆறு காயும். பொங்கல் முடிந்து முகூர்த்தம் ஆரம்பித்துவிட்டால் தம்பியைப் பிடிக்க முடியாது, அதனால் மார்கழியிலேயே போய்விடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். சென்சாரை அதற்குள் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.